நவம்பர் கடைசியில் வெனிஸ்: அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போகலாமா?

மலைக்கோட்டை:
எல்லாருக்கும் வணக்கம். நான் மியூனிக்கில் இருக்கேன். அம்மா திருச்சியிலிருந்து வந்திருக்காங்க, டிசம்பர் முதல் வாரம் கிளம்பிடுவாங்க. அதுக்குள்ள வெனிஸைக் காட்டிடணும்னு ஆசை. நவம்பர் 19-லேர்ந்து 23 வரைக்கும் லீவு கிடைச்சிருக்கு. ஆபீஸ்ல சொன்னா ஒரே பாட்டுதான்: "நவம்பர்லயா? முழங்கால் தண்ணியில நிப்பே." யூடியூபைத் திறந்தாலும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டு வெள்ளத்துக்குள்ள உட்கார்ந்து காபி குடிக்கிற வீடியோவாத்தான் வருது. அம்மாவுக்கு 66 வயசு, மூட்டுவலி, படி ஏறினா கஷ்டம். சுத்த சைவம், முட்டையும் கிடையாது. ரூம் இன்னும் போடலை. தீவுக்கு எதிரே நிலப்பக்கம் இருக்கிற மெஸ்த்ரேல பாதி விலைக்குக் கிடைக்குது. போகலாமா, இல்லை ரோம் பக்கம் திருப்பிடவா?

உப்பங்கழி:
தாராளமாகப் போகலாம். பாதுவாவில் குடியிருக்கிறேன், ரயிலில் அரை மணி நேரம், அதனால் இந்தக் கேள்வி எனக்கு வருடா வருடம் வரும். நீங்கள் பார்த்த வீடியோக்களில் பெரும்பாலானவை 2019 நவம்பர் 12 இரவும் அதை ஒட்டிய நாட்களும். அன்று கடல் 187 செ.மீ. ஏறியது. 1966 நவம்பர் 4-இல் ஏறிய 194-க்கு அடுத்தபடி அதுதான் பதிவிலேயே அதிகம்.

அதற்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. கடலும் ஊரைச் சூழ்ந்த கழியும் கலக்கிற லீடோ, மலமொக்கோ, கியோஜா ஆகிய மூன்று முகத்துவாரங்களிலும் மொத்தம் 78 இரும்புக் கதவுகள் தரையோடு படுத்துக் கிடக்கின்றன. சாதாரண நாளில் அவற்றின் வயிற்றில் தண்ணீர் நிரம்பியிருக்கும். பெரிய கடல் ஏற்றம் வரப்போகிறது என்று தெரிந்தால் அழுத்தக் காற்றைச் செலுத்தித் தண்ணீரை வெளியேற்றுவார்கள். கதவு தானாக மிதந்து எழுந்து நிற்கும். மோஸே என்று பெயர். 2003-இல் தொடங்கிய வேலை, நடுவில் 2014-இல் ஊழல் வழக்கு, கைதுகள் என்று இழுத்து, 2020 அக்டோபர் 3-இல்தான் முதன்முதலாக நிஜமான ஏற்றத்துக்கு எழுப்பினார்கள். 2022 நவம்பர் 22 அன்று வெளியே கடல் 170 செ.மீ.யைத் தாண்டியபோது ஊருக்குள் வெள்ளம் வரவில்லை.

முரட்டுமீசை:
ஆளாளுக்கு நம்பிக்கை கொடுக்காதீங்கப்பா. நான் போனதே இந்தக் கதவெல்லாம் வந்த பிறகுதான். காலையில ஒம்பது மணிக்கு சான் மார்க்கோ சதுக்கத்துல கணுக்காலுக்கு மேல தண்ணி. பலகை மேல வரிசையில நின்னு ஊர்ந்து போனோம். அத்தனை கோடி யூரோ கொட்டிக் கதவு கட்டிட்டு, ஊரோட முக்கியமான இடத்துலயே தண்ணி நிக்குதுன்னா என்ன அர்த்தம்? மூட்டுவலி உள்ள அம்மாவை அந்தப் பலகை மேல ஏத்துவீங்களா?

உப்பங்கழி:
முரட்டுமீசை சார் சொல்வதும் உண்மை, நான் சொன்னதும் உண்மை. எண்களைப் படிக்கும் முறை தெரிந்தால் குழப்பம் தீரும்.

ஏற்றத்தின் அளவை 1897-இல் வகுத்த ஒரு பூஜ்யக் கோட்டிலிருந்து கணக்கிடுகிறார்கள். இன்று சராசரிக் கடல்மட்டமே அந்தக் கோட்டுக்கு ஓரடி மேலே வந்துவிட்டது. ஆகவே "100 செ.மீ." என்று செய்தியில் வந்தால் தெருவில் இடுப்பளவு தண்ணீர் என்று பொருள் இல்லை. ஊரின் மிகத் தாழ்ந்த பகுதிகளில் ஒன்று சான் மார்க்கோ சதுக்கம். ஏறத்தாழ 80-ஐத் தொட்டாலே அங்கே ஈரம் கசியத் தொடங்கும், 100-இல் பள்ளமான மூலைகளில் கணுக்கால் அளவு நிற்கும். அதே நேரத்தில் ஊரின் பெரும்பகுதியில் செருப்போடு நடக்கலாம். 110-க்கு வந்தால்கூட நகரத்தில் சுமார் 12 சதவீதம்தான் நனையும்.

கதவு எழும்புவது பொதுவாக 110 செ.மீ. என்று முன்கணிப்பு வந்தால்தான். அதற்குக் கீழே வழக்கமாக எழுப்புவதில்லை, காரணம் இரண்டு. ஒவ்வொரு முறை எழுப்புவதற்கும் லட்சக்கணக்கான யூரோ ஆகிறது. கதவு நிற்கும் நேரம் முழுக்க, கழிக்குள் இருக்கும் மார்கெரா துறைமுகத்துக்குக் கப்பல் போக்குவரத்து தடைபடும். ஆக 80-க்கும் 110-க்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் முக்கியமாக மாட்டிக்கொள்வது சதுக்கம்தான். சார் மாட்டியதும் அங்கேதான். அதிலும் ஏறி இறங்க இரண்டு மூன்று மணி நேரம், அவ்வளவே. காலையில் நின்ற தண்ணீர் மதியம் இருக்காது.

சதுக்கத்தை ஒட்டிய பசிலிக்கா தேவாலயத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்காக இதையும் சேர்த்துச் சொல்கிறேன்: 2022 கடைசியில் அதைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு வைத்துவிட்டார்கள். சதுக்கத்தில் தண்ணீர் நின்றாலும் கோயிலுக்குள் புகாது.

முரட்டுமீசை:
முன்கணிப்பு தப்பிச்சுன்னா?

உப்பங்கழி:
தப்பியிருக்கிறது. 2020 டிசம்பர் 8. அப்போது கதவை எழுப்புவதற்கான வரம்பு 130. கணிப்பு அதற்குக் கீழே இருந்ததால் எழுப்பவில்லை. காற்று எதிர்பார்த்ததை விட வலுத்து 138 வரை ஏறிவிட்டது. இப்போது வரம்பு 110. தெற்கிலிருந்து வருகிற சிரோக்கோ காற்று ஏட்ரியாட்டிக் கடல்நீரை வடக்கு முனைக்குத் தள்ளுவதுதான் சிக்கல். அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தோடு அது சேர்ந்துகொண்டால் உயரும். நகராட்சியின் ஏற்ற முன்கணிப்பு மையம் மூன்று நாளுக்கு முன்பே மணி வாரியாக அட்டவணை போடுகிறது, கைபேசிச் செயலியும் உண்டு. கிளம்புவதற்கு முன் அதைப் பார்த்துக்கொண்டால் போதும்.

கேமராக்கண்:
அந்தக் கணுக்கால் தண்ணிக்காகவே நான் நவம்பர்ல போறேன் ப்ரோ. காத்து இல்லாத ராத்திரி, சதுக்கத்துல ரெண்டு இன்ச் தண்ணி, பசிலிக்காவும் மணிக்கூண்டும் தலைகீழா விழும். ஜூலைல அந்த இடத்துல மனுஷத் தலைதான் தெரியும். பனிமூட்டம் வந்தா இன்னும் சூப்பர். விடியறதே ஏழரை மணிக்குத்தான், அதனால நாலு மணிக்கு எழுந்து ஓட வேண்டாம். சாயங்காலம் நாலரைக்கு இருட்டிடும், அது மட்டும் மனசுல இருக்கட்டும்.

முரட்டுமீசை:
பனிமூட்டத்துல தம்பிக்குப் படம் கிடைக்கும். டோர்செல்லோ தீவுக்குப் போகக் கிளம்பின எங்களுக்குப் படகு கிடைக்கலை. துறையில நின்னோம் நின்னோம், கடைசியில சேவை குறைச்சிட்டோம்னு ஒரு சீட்டு ஒட்டினாங்க. பத்து டிகிரின்னு செயலி சொல்லும், அந்த ஈரக்காத்து எலும்புக்குள்ள போகும்.

சுன்னாகம்:
அண்ணை, எல்லாரும் தண்ணியைப் பற்றியே கதைக்கிறியள், முக்கியமான விசயத்தை விட்டிட்டியள். நீங்கள் சொல்ற திகதிக்குள்ள 21 வருது. அண்டைக்குத்தான் சலூட்டே மாதா திருநாள். நாங்கள் சூரிச்சில இருந்து ரயிலில பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு அந்த நாளுக்கெண்டே போனனாங்கள். கிராண்ட் கால்வாய்க்குக் குறுக்கால, சாந்தா மரியா தெல் ஜீலியோ பக்கத்தில இருந்து தற்காலிகமா ஒரு பாலம் போடுவினம். அதால நடந்து போய் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திப் போட்டு வாறது. வெளிநாட்டுச் சனம் குறைவு, எல்லாம் ஊர்ச் சனம்தான், தாத்தா பாட்டியில இருந்து தள்ளுவண்டிப் பிள்ளை வரைக்கும். வெளியில பலூன், இனிப்பு, எண்ணெயில பொரிச்ச பணியாரம் எண்டு கடை கடையா இருக்கும். எங்கட மடுத் திருவிழாவில நிண்டமாதிரி இருந்தது எனக்கு. அம்மாவுக்குக் கட்டாயம் பிடிக்கும். ரோம் எங்கயும் ஓடாது.

ஓலைச்சுவடி:
சுன்னாகம் குறிப்பிட்ட விழாவின் பின்கதையை அம்மாவுக்குச் சொல்லிக் கூட்டிப் போனால் நன்றாக இருக்கும்.

1630-இல் வெனிஸில் கொள்ளைநோய் புகுந்தது. அடுத்த ஆண்டு அது அடங்குவதற்குள் ஊரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இறந்துபோனார்கள். நோய் உச்சத்தில் இருந்தபோது, "இதிலிருந்து மீண்டால் மாதாவுக்கு ஆலயம் எழுப்புகிறோம், ஆண்டுதோறும் ஊர்வலமாக வருகிறோம்" என்று ஆட்சி மன்றமே நேர்ந்துகொண்டது. பல்தஸாரே லொங்கேனா என்ற இளம் கட்டடக் கலைஞரின் வரைபடம் தேர்வானது. 1631-இல் தொடங்கி 1687-இல் தான் அபிஷேகம் நடந்தது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். சேற்று நிலம் அது. பத்து லட்சத்துக்கும் மேலான மரக் கழிகளை அடித்து இறக்கித்தான் அந்தப் பெரிய குவிமாடத்தை நிறுத்தினார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். பீடத்தில் இருக்கும் மாதா படம் கிரீட் தீவிலிருந்து வந்தது. வெனிஸ் அந்தத் தீவைத் துருக்கியரிடம் இழந்தபோது எடுத்து வந்துவிட்டார்கள். நேர்ந்துகொண்ட அந்த அரசு 1797-இல் நெப்போலியன் காலத்தில் ஒழிந்தது. நேர்த்திக்கடனை ஊர் மக்கள் இன்றும் செலுத்துகிறார்கள்.

இந்த ஊரின் பாதி ஓவியக் கதையும் கொள்ளைநோயோடு பிணைந்ததுதான். 1576 நோய்க் காலத்தில் இறந்த டிஷியன் ஃபிராரி ஆலயத்தில் அடக்கம். அவர் வரைந்த மாதா விண்ணேற்பு ஓவியமும் அதே ஆலயத்தின் தலைமைப் பீடத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே, நோய்க்கு எதிரான காவலராகக் கருதப்பட்ட ரோக்கோ புனிதர் பெயரில் அமைந்த மண்டபம். அதன் சுவரும் கூரையும் முழுக்கத் தின்தொரெத்தோ என்ற ஓவியரின் படங்கள். மழை நாளுக்கு இந்த இரண்டையும் ஒதுக்கிவையுங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்குச் சில அடி தூரம்தான், நடுவில் பாலம் இல்லை.

திருச்சிக்காரர் என்பதால் ஒரு கொசுறு. ரியால்டோ பாலத்துக்குச் சற்று வடக்கே, மலிப்ரான் நாடக அரங்குக்குப் பின்னால், மில்லியோன் என்ற பெயரில் ஒரு முற்றம் இருக்கிறது. மார்க்கோ போலோ குடும்பத்தின் வீடு அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தையும், அங்கே அரபுக் குதிரைகள் வந்து இறங்கியதையும், முத்துக்குளிப்பையும் சொல்லி எழுதவைத்த மனிதர். பெரிதாகப் பார்க்க ஒன்றும் இல்லை, ஒரு கிணறும் பழைய வளைவும்தான். எனக்கு என்னவோ அரண்மனையை விட அங்கே நிற்பது பிடித்திருந்தது.

வத்தக்குழம்பு:
சரி, சாப்பாட்டுக்கு வாங்க. இங்க யாருமே பேசலை, சைவக்காரங்க வெனிஸ்ல ஏமாறுறது இதுலதான்.

சின்னக் குடிப்பகங்கள்ல கண்ணாடிக்குப் பின்னாடி ரொட்டித் துண்டு மேல வெள்ளையா, வெண்ணெய் மாதிரி ஒண்ணு தடவி வெச்சிருப்பாங்க. பார்த்தா கிரீம் சீஸ்னு நினைப்பீங்க. அது காய்ந்த காட் மீனை எண்ணெய் விட்டு அடிச்சது. "பிகோலி இன் சல்ஸா"ன்னு ஒரு பாஸ்தா, பேரைக் கேட்டா ஏதோ சாஸ் போலத்தான் இருக்கும், வெங்காயத்தோட நெத்திலி கரைச்சது. ரிசோட்டோ கத்தரிக்காயா இருந்தாலும் பூசணியா இருந்தாலும் உள்ளே மாமிச வேக்காட்டுத் தண்ணி இருக்கலாம், கேட்டுடுங்க. கையால செய்யற புது பாஸ்தால பெரும்பாலும் முட்டை உண்டு. அம்மாவுக்குக் காய்ந்த பாஸ்தா, ஸ்பகெட்டி மாதிரியானதுதான் சரி. திரமிசு வேண்டாம், அதுலயும் முட்டை. பர்மிசான் சீஸ்ல கன்றுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கிற ரென்னெட் சேர்ப்பாங்க, அதையும் தவிர்க்கிறவங்களா இருந்தா முன்னாடியே சொல்லிடணும்.

"வெஜிடேரியானா"ன்னு மட்டும் சொன்னா மீன் ஓகேன்னு சில இடத்துல எடுத்துப்பாங்க. "சென்ஸா பெஷே, சென்ஸா வோவா, சென்ஸா ப்ரோதோ"ன்னு மூணையும் சொல்லுங்க: மீன் வேண்டாம், முட்டை வேண்டாம், வேக்காட்டுத் தண்ணி வேண்டாம்.

இனி நல்ல சேதி. நவம்பர்ல காளானோட பொலெந்தா கிடைக்கும். மக்காச்சோள மாவுக் களிதான், சூடா அம்மாவுக்கு இறங்கும். ட்ரெவீஸோ பக்கத்துச் சிவப்பு ராதிக்கியோ கீரை சீசன் ஆரம்பிக்கும், லேசா கசக்கும், சுட்டுக் கொடுப்பாங்க. பீட்சா மரினாரான்னு கேட்டா தக்காளி, பூண்டு, ஓரிகானோ மட்டும், சீஸ்கூட இல்லை. சமையலறை உள்ள வீடா எடுங்க. ரியால்டோ சந்தையில காய்கறி ஞாயிறு தவிர எல்லா நாளும் காலையில கிடைக்கும். ஊர்லேர்ந்து வந்த அம்மா பெட்டியில பருப்புப் பொடி இல்லாம இருக்காது!

மலைக்கோட்டை:
பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், எல்லாம் இருக்கு அக்கா :) எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரோம் ஐடியாவை விட்டாச்சு. இப்ப ரெண்டு கேள்வி. மெஸ்த்ரேயா, தீவுக்குள்ளயா? அப்புறம் அந்தப் படி சமாச்சாரம். நானூறு பாலம்னு சொல்றாங்களே?

முரட்டுமீசை:
மெஸ்த்ரே. பத்து நிமிஷ ரயில். மிச்சமாகிற காசுல நல்லா சாப்பிடுங்க. தீவுக்குள்ள லிஃப்ட் இல்லாத மூணாவது மாடிக்குக் கொடுக்கிற வாடகையில மெஸ்த்ரேல லிஃப்டோட, ஹீட்டரோட ரூம் கிடைக்கும். முழங்கால் வலிக்கு அதைவிட வேறென்ன?

சுன்னாகம்:
நான் இதுக்கு ஒத்துக்கொள்ளமாட்டன். வயசான ஆக்களுக்கு மத்தியானம் ஒரு மணித்தியாலம் படுக்க வேணும். மெஸ்த்ரேயில இருந்தா அதுக்கு ஏலாது, காலமை வெளிக்கிட்டா இரவு மட்டும் வெளியிலதான். பின்னேரம் ஐந்து மணிக்கெல்லாம் பகல்ச் சுற்றுலாச் சனம் திரும்பிப் போயிடும், அதுக்குப் பிறகுதான் ஊர் வடிவு. நவம்பர் நடுவில தீவுக்குள்ளயும் விலை நல்லா இறங்கும்.

உப்பங்கழி:
நானும் தீவுக்குள் என்றே சொல்வேன், ஆனால் முரட்டுமீசை சார் சொன்ன லிஃப்ட் விஷயத்தை மறக்க வேண்டாம். பழைய வீடுகளில் லிஃப்ட் அபூர்வம். முன்பதிவுக்கு முன் எத்தனையாவது மாடி என்று எழுதிக் கேளுங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: அருகிலுள்ள வபோரெட்டோ படகுத்துறைக்கும் வீட்டுக்கும் நடுவில் எத்தனை பாலம்? "பாலமே இல்லை" என்று பதில் வருகிற வீட்டை எடுங்கள். வெனிஸில் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை, பாலம்தான் பிரச்சினை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்கும்போது புரியும்.

என் தேர்வு சத்தேரே. தெற்கு பார்த்த நீளமான கரை, நவம்பரில் வெயில் விழுகிற சில இடங்களில் ஒன்று. 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய சொகுசுக் கப்பல்கள் அந்தக் கரைக்கு முன்னால் உள்ள ஜியுதேக்கா கால்வாயில் வருவதும் நின்றுவிட்டது. அக்டோபர் கடைசியில் நடக்கும் மாரத்தானுக்காக அங்குள்ள பாலங்களின் மேல் சரிவுப் பலகை போடுவார்கள். அவற்றில் சிலவற்றைக் குளிர்காலம் முழுக்கக் கழற்றாமல் விடுவது வழக்கம். மூட்டுவலிக்காரர்களுக்கு நவம்பர் கொடுக்கிற சலுகை இது, யாரும் வழிகாட்டி நூலில் எழுதுவதில்லை.

படகுக்கு 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ, 72 மணி நேரப் பாஸ் 45 யூரோ. அம்மாவோடு என்றால் பாஸ்தான். ஒரு பாலத்தைத் தவிர்க்க ஒரே ஒரு துறை தூரத்துக்குக்கூட ஏறி இறங்கலாம். முதல் எண் படகு கிராண்ட் கால்வாய் முழுக்க நின்று நின்று போகும். இருட்டிய பிறகு ஒருமுறை கடைசி வரை போங்கள், மாளிகைகளின் உள்விளக்கு எரியும்போது மேல்மாடிக் கூரை ஓவியங்கள் படகிலிருந்தே தெரியும். கொண்டோலாவுக்கு நகராட்சி விதித்த பகல் கட்டணம் அரை மணிக்கு 90 யூரோ, ஒரு படகுக்கு. ஆளுக்கு என்று யாராவது கேட்டால் நகர்ந்துவிடுங்கள். கால்வாயைக் குறுக்கே கடத்திவிடுகிற இரண்டு யூரோ படகு வேண்டாம், ஆடும், ஏறி இறங்க அம்மாவுக்குச் சிரமம்.

2024-இல் தொடங்கிய பகல் நுழைவுக் கட்டணம் நவம்பருக்குக் கிடையாது.

கேமராக்கண்:
பியென்னாலே கலைக் கண்காட்சியும் 22, 23 வாக்கில் முடியும். கடைசி நாட்கள்ல அர்செனாலே பக்கம் போனா கூட்டம் கம்மி. பழைய கப்பல் கட்டும் கூடங்களைப் பார்க்கவே டிக்கெட் எடுக்கலாம், உள்ளே இருக்கிற கலை புரியலைன்னாலும் பரவாயில்லை.

முரட்டுமீசை:
கலை புரியலைன்னு ஒத்துக்கிட்ட முதல் ஆளு. வாழ்க. எனக்கென்னமோ அந்த ஊரே இப்ப ஒரு செட் மாதிரிதான். 1951-ல ஒண்ணே முக்கால் லட்சம் பேர் இருந்த தீவுல இப்ப ஐம்பதாயிரம்கூட இல்லை. முகமூடிக் கடை இருக்கு, அரிசிக் கடை இல்லை.

உப்பங்கழி:
எண்ணிக்கை சரிதான் சார். அதனால்தான் நவம்பரில் போகச் சொல்கிறேன். அந்த ஐம்பதாயிரம் பேரையும் நீங்கள் பார்க்க முடிகிற மாதம் இதுதான். 11-ஆம் தேதி மார்ட்டின் புனிதர் நாளில் குழந்தைகள் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டு கடை கடையாகக் காசு கேட்டு வருவார்கள். 21-இல் சலூட்டே. மற்ற நாளில் கன்னாரெஜோ பகுதிக் கால்வாய்க் கரையில் நாயோடு நடக்கிற பாட்டிகள். அரிசிக் கடையும் இருக்கிறது, தேட வேண்டும்.

மலைக்கோட்டை:
சத்தேரேல ஒரு வீடு போட்டாச்சு. முதல் மாடி, துறைக்குப் பாலம் இல்லை, சமையலறை உண்டு. மியூனிக்லேர்ந்து பிரென்னர் வழியா நேர் ரயில், டிக்கெட்டும் எடுத்தாச்சு. அம்மா இப்பவே மெழுகுவர்த்தி எத்தனை வாங்கணும்னு கேக்கிறாங்க. நாம கிறிஸ்தவங்க இல்லை, உள்ள போகலாம்ல? அன்னைக்கு விசேஷமா ஏதோ சூப் இருக்குன்னு படிச்சேன், அது சைவமா?

சுன்னாகம்:
தாராளமாப் போகலாம், ஒருத்தரும் கேக்கமாட்டினம். மெழுகுதிரி வாசலிலயே விக்கினம், வாங்கிக் குடுத்தா உள்ளுக்கு நிக்கிற ஆக்கள் கொளுத்தி வைப்பினம். ஒன்பது மணிக்கு முதல் போங்கோ, அண்டைக்கு அங்க பள்ளிக்கூட விடுமுறை, மத்தியானத்துக்குப் பிறகு நெரிசல். சத்தேரேயில இருந்து நீங்கள் அந்தப் பாலம் கடக்கத் தேவையில்லை, கோயில் உங்கட பக்கத்திலதான். ஆனா திரும்பி வரேக்க பாலத்தின்ர நடுவுக்கு ஒருக்கால் கூட்டிக்கொண்டு போங்கோ. கால்வாயின்ர நடுவில காலூன்றி நிக்கிற இடம் அது, வருசத்தில சில நாள் மட்டும்தான்.

வத்தக்குழம்பு:
சூப்பா? காஸ்த்ராதீனா. உப்புப் போட்டுப் புகையில உலர்த்தின ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும். அந்தக் காலத்துல டால்மேஷியாவிலேர்ந்து வந்த கறி. அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம், நீங்க சாப்பிடுறதா இருந்தா அவங்க பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடாதீங்க, வாசனை ஊரைக் கூட்டும். அவங்களுக்கு வெளியில ஒரு பொட்டலம் சுட்ட செஸ்ட்நட் வாங்கிக் கொடுங்க.

முரட்டுமீசை:
தெருவுல விக்கிற அந்த ஆரஞ்சு பிளாஸ்டிக் காலுறையை மட்டும் வாங்காதீங்க தம்பி. வழுக்கும், அம்மாவோட முழங்காலுக்கு ஆபத்து. நாலு நாள்ல ஏதாவது ஒரு காலையில நூறு செ.மீ.ன்னு செயலி காட்டினா, அன்னைக்கு சான் மார்க்கோவை மதியத்துக்குத் தள்ளிப் போட்டுட்டு ஃபிராரிக்குப் போயிடுங்க. அந்தப் பக்கம் மேடு.

உப்பங்கழி:
அதையேதான் நானும் சொல்ல இருந்தேன். 16-ஆம் தேதி இங்கே எட்டிப் பாருங்கள், ஏற்ற அட்டவணை வந்திருக்கும், பார்த்து எந்த நாள் எங்கே என்று போட்டுத் தருகிறேன்.